ஒவ்வொரு முறையும் 4107: எழுமாற்று எண் தரும் யுஎஸ்பி ஒன்றை வாங்கிய கதை

ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் நீல லைற் வடிவாக மினுங்குகிறது என்பதற்காக.

சாமான் சின்னி விரல் அளவில் ஒரு யுஎஸ்பி. எழுமாற்று எண், அதாவது அடுத்தது எது என்று எவராலும் ஊகிக்க முடியாத எண், தருவதுதான் அதன் வேலை. கணினிகள் இரகசியத் திறப்புகளை அப்படிப்பட்ட எண்களிலிருந்துதான் செய்கின்றன. கொழும்பிலிருந்து ஒன்லைனில் விற்கிறார்கள். விலை 7,000, யாழ்ப்பாணத்துக்குக் கூரியர் 450. பெட்டியில் கொம்பனிப் பெயர் இல்லை, விற்றவர் பெயரை நான் எழுதப் போவதுமில்லை. விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: ‘குவாண்டம் தர எழுமாற்று எண்கள், வங்கித் தரப் பாதுகாப்பு, எல்லாச் சோதனையும் பாஸ்.’ கடைசிச் சொல் மட்டும் உண்மை. அந்த உண்மையால்தான் எனக்கு இவ்வளவு கரைச்சல்.

நான் கொக்குவிலில் சின்னதாக ஒரு நெற்வேர்க் வேலைத்தலம் வைத்திருக்கிறேன். கமெரா பூட்டுவது, வைஃபை இழுப்பது, குருநகர், மயிலிட்டிப் படகுக்காரர் கொண்டுவரும் ஜிபிஎஸ் பெட்டிகளைத் திருத்துவது, பின்னேரங்களில் ஏ.எல். பிள்ளைகளுக்கு ஐசிடி. இப்படிப்பட்டவளுக்கு எழுமாற்று எண் தரும் மெஷின் எதற்கு என்று அம்மா கேட்டா. நியாயமான கேள்வி. மறுமொழி சொல்வதென்றால் முதலில் என்னுடைய பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு சங்கத்துக்கு 14 கிளை. ஒவ்வொன்றிலும் ஒரு ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியை வைத்து, எல்லாவற்றையும் வயர்கார்ட் என்ற மறையீட்டுச் சுரங்கத்தால் தலைமை அலுவலகத்தோடு இணைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. நான் கெட்டித்தனமாக ஒரு மெமரி கார்டில் எல்லாவற்றையும் அமைத்துவிட்டு, அதை அப்படியே 13 பிரதி எடுத்தேன். ஒரு நாளில் வேலை முடிந்தது, எனக்கே என்னில் பெருமை. இரண்டாம் கிளைப் பெட்டிக்குள் தூரத்திலிருந்தே எஸ்எஸ்எச் வழியாக நுழையும்போது லப்டொப் ஒரு வரி காட்டியது: இந்தத் திறப்பை இன்னொரு முகவரியில் ஏற்கெனவே கண்டிருக்கிறேன் என்று. மூன்றாம் கிளையிலும் அதே வரி. அப்போதுதான் விளங்கியது. 14 வீடு கட்டி, 14 வீட்டுக்கும் ஒரே பூட்டு, ஒரே திறப்பு. ஒரு கிளையில் பெட்டி களவு போனால் மற்ற 13 கிளையின் பெயரிலும் களவெடுத்தவன் நடிக்கலாம். இரவோடிரவாக எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் திறப்பு உண்டாக்கினேன். சங்கத்துக்குச் சொன்னேன், காசு வாங்கவில்லை.

இந்தப் பிழையை நான் மட்டும் விட்டதாக நினைக்க வேண்டாம். 2012 இல் நாடியா ஹெனிங்கர், சகீர் துருமெரிக், எரிக் வுஸ்ட்ரோ, அலெக்ஸ் ஹால்டர்மன் ஆகிய நால்வர் இன்ரநெற் முழுவதையும் துழாவி, கண்ணில் பட்ட பொதுத் திறப்புகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பொதுத் திறப்பை எவரும் பார்க்கலாம், அதன் சோடியான தனிப்பட்ட திறப்புத்தான் இரகசியம். பாதுகாப்பான இணைய இணைப்புத் தரும் பெட்டிகளில் 0.50 வீதத்தின் தனிப்பட்ட திறப்பை அவர்களால் கணக்குப் போட்டே எடுக்க முடிந்தது. பூட்டு உடைக்கவில்லை. அந்தப் பொதுத் திறப்பு இரண்டு பகா எண்களைப் பெருக்கி வந்த ஒரு பெரிய எண். இரண்டு பெட்டிகள் தற்செயலாக ஒரே பகா எண்ணைப் பயன்படுத்தியிருந்தால், அந்த இரண்டு பெரிய எண்களுக்கும் பொதுக் காரணிகளுட் பெரியது கண்டால் போதும், இரண்டும் உடைந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்கு. அகப்பட்டவற்றில் பெரும்பாலானவை ரவுட்டர் மாதிரியான சின்னப் பெட்டிகள். முதல் தரம் மின் கொடுத்தவுடன், உள்ளே இன்னும் எதுவும் நடக்காத அந்த நேரத்தில், அவசரப்பட்டுத் திறப்பு செய்தவை. பிறந்த பிள்ளையிடம் இரகசியம் கேட்ட கணக்கு.

அதனால்தான் இனித் திறப்பு செய்வதற்கென்றே ஒரு சாமான் வாங்கி வைப்போம் என்று முடிவெடுத்தேன்.

வந்த அன்று பின்னேரம் தேத்தண்ணியும் கையுமாக இருந்து செருகினேன். நீல லைற். கொடுத்திருந்த நிரலைப் போட்டதும் எண்கள் வரத் தொடங்கின, செக்கனுக்குக் கிட்டத்தட்ட 40 கிலோபைட். திரையில் முதல் வரி 41 07 93 58 என்று தொடங்கியது. பார்த்துவிட்டுச் சிரித்தேன். எங்கட பழைய மோட்டார்சைக்கிளின் இலக்கம் 4107. எரிபொருள் வரிசைக் காலத்தில், 2022 இல், விற்றுவிட்டோம். நல்ல சகுனம் என்று அம்மாவுக்கும் சொன்னேன்.

பிறகு ஒழுங்காகச் சோதித்தேன். நாலைந்து நிமிடம் ஓடவிட்டு 10 மெகாபைட் சேர்த்து, ஜோன் வோக்கர் எழுதிய பேர்போன சின்ன நிரலில் கொடுத்தேன். ஒரு பைட்டுக்கு 8 பிட் புதிர் (ஊகிக்க முடியாத தன்மை) இருக்க வேண்டும், இருந்தது 7.99998. சராசரி 127.5 வர வேண்டும், வந்தது 127.49. அடுத்தது லினக்ஸில் கிடைக்கும் மற்றச் சோதனை. அது எண்களை 20,000 பிட் கொண்ட கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டிலும் ஒன்றுகள் 9,725 இற்கும் 10,275 இற்கும் இடையில் இருக்கிறதா, ஒரே இலக்கம் நீளத்துக்குத் தொடர்கிறதா என்றெல்லாம் பார்க்கும். 3,999 கட்டில் மூன்று தோல்வி. தோல்வி என்றதும் பயப்படத் தேவையில்லை. உண்மையான எழுமாற்று எண்களே ஆயிரத்துக்கு ஒன்றளவில் அந்தச் சோதனையில் விழும். எத்தனை கோடி தந்தாலும் ஒருபோதும் விழாமல் நிற்கிறது என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். எனக்குச் சரியான சந்தோசம். அன்றிரவே இந்த விமர்சனத்தை எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன்.

பெரிய சோதனைக்கு 1 கிகாபைட் வேண்டும். ஏழு மணித்தியாலம் ஓட வேண்டும். ஒரு ராஸ்பெரி பையில் செருகி, அது எப்போது எழும்பினாலும் தானாகப் புதுக் கோப்பில் சேர்க்கத் தொடங்குமாறு எழுதிவிட்டுப் படுத்தேன். கார்த்திகை மாதம், நல்ல மழை. சாமம் இரண்டு மணிபோல் மின் போய், இருபது நிமிடத்தில் திரும்பி வந்தது. காலமை பார்த்தால் இரண்டு கோப்பு இருந்தது. முதலாவது பாதியில் நின்றது. இரண்டாவதைத் திறந்தேன்.

41 07 93 58.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெடியனின் மோட்டார்சைக்கிள் இலக்கமும் என்னுடையதும் ஒன்றாக இருக்கலாம், அது தற்செயல். நாலு பைட் ஒன்றாக வருவதற்கு வாய்ப்பு ஏறத்தாழ 430 கோடியில் ஒன்று. முதற் கோப்பின் தொடக்கத்தில் 100 மெகாபைட்டையும் இரண்டாவதன் தொடக்கத்தில் 100 மெகாபைட்டையும் வெட்டி எடுத்து, ஒப்பிடும் கட்டளையைப் போட்டேன். அது ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கட்டளையின் பாசையில் மௌனம் என்றால் ஒரு பைட்கூட வித்தியாசமில்லை. பிறகு கழற்றிக் கழற்றி ஐந்து தரம் செருகினேன். ஐந்து தரமும் எங்கட மோட்டார்சைக்கிள்.

கத்தியால் மூடியை நெம்பித் திறந்தேன். (இதற்குப் பிறகு வருந்தினேன், கீழே சொல்கிறேன்.) உள்ளே மேலெழுத்துச் சுரண்டப்பட்ட ஒரு சிப், கடிகாரத் துடிப்புத் தரும் ஒரு பளிங்கு, இரண்டு கொள்ளளவி, நீல லைற். அவ்வளவுதான். மின் இரைச்சலில், அதாவது மின்னோட்டத்தின் ஒழுங்கற்ற சலசலப்பில், இருந்து எண் எடுக்கும் சாமானில் வழமையாக ஒரு டயோட்டோ திரான்சிஸ்டரோ தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கும். அதில் மின் பனிச்சரிவு மாதிரிச் சரிய 6 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். யுஎஸ்பி தருவதோ 5 வோல்ட். ஆகவே வோல்ட் கூட்டுவதற்கு வழமையாக ஒரு சுருள் உள்ளே இருக்கும். இதற்குள் சுருள் இல்லை, டயோட் இல்லை. சிப்பை மட்டும் வைத்து அதன் கடிகாரத் தடுமாற்றத்திலிருந்து எண் எடுக்கிற நேர்மையான வழிகளும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துக் கள்ளன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து தரம் 4107 வந்த பிறகு என்ன சாட்சி வேண்டும்? சிப்புக்குள் ஒரு நல்ல மறையீட்டு நிரல் இருக்கிறது, அதற்கு நிரந்தரமாக ஒரு விதை, அதாவது கணக்கைத் தொடங்கி வைக்கிற எண். செருகும்போதெல்லாம் முதலாம் பக்கத்திலிருந்து வாசிக்கிறது. குவாண்டமாம்.

விற்றவருக்கு எடுத்தேன். ஆள் மரியாதையானவர், தமிழும் நல்லம்.

“மேடம், டெஸ்ட் எல்லாம் பாஸ் தானே?”

“பாஸ் தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே எண் வருது தம்பி.”

“ஒவ்வொரு முறையும் ஒரே ரிசல்ட் வருகுதெண்டால் குவாலிற்றி நல்லம் தானே மேடம்? சிலது ஒவ்வொருக்கா ஒவ்வொரு மாதிரி வரும், அதைத்தான் ஆக்கள் திருப்பி அனுப்புறவை.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் ஏமாற்றுகிறார் என்றுகூட நான் நினைக்கவில்லை. அவருக்கும் யாரோ பெட்டியோடு விற்றிருக்கிறார்கள். காசைத் திருப்பித் தாங்கோ என்றேன். மூடி திறக்காமல் இருந்தால் தரலாம் என்றார். என்னுடைய மேசையில் மூடி இரண்டு துண்டாகக் கிடந்தது.

அவருடைய கேள்விக்கு ஒரு மறுமொழி சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் என்னிடம் படிக்கிற பிள்ளைகளும் அதைத்தான் கேட்டார்கள். சோதனை பாஸ், பிறகென்ன? அந்தச் சோதனைகள் பார்ப்பது எண்கள் சமமாகப் பரவியிருக்கின்றனவா, ஒழுங்கு ஏதும் தெரிகிறதா என்பதை. அடுத்தவனுக்கு அந்த எண்கள் ஏற்கெனவே தெரியுமா என்று எந்தச் சோதனையாலும் பார்க்க முடியாது. வகுப்பில் பிள்ளைகளுக்கு இப்படிக் காட்டினேன்: ஏஇஎஸ் மறையீட்டுக்குத் திறப்பாக முழுக்கப் பூச்சியம் கொடுத்து, 1, 2, 3 என்று வரிசையாக எண்ணி மறையீடு செய்ய வைத்தேன். உலகத்தில் எவனும் முதலில் ஊகிக்கக்கூடிய திறப்பு. வந்த எண்களைச் சோதனைக்குக் கொடுத்தால் பூவாகப் பாஸ். பரீட்சைத் தாளை முதல்நாளே பார்த்த பிள்ளையும் நூற்றுக்கு நூறு எடுக்கும். புள்ளியைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலுமோ?

இதைவிடப் பெரிய ஆட்களும் இதே கிடங்கில் விழுந்திருக்கிறார்கள். 2006 இல் டெபியன் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையீட்டு மென்பொருளைப் பொதி செய்தபோது, ஒரு சோதனைக் கருவி முறைப்பாடு சொன்னது என்று ஓரிரு வரியை எடுத்துவிட்டார்கள். விதை சேர்க்கிற வேலையே அந்த வரிகளில்தான் இருந்தது. மிஞ்சியது ஓடுகிற நிரலுக்குக் கணினி கொடுக்கும் செயல் இலக்கம் மட்டும், அது 32,768 இற்குள் ஏதோ ஒன்று. அதாவது டெபியனும் அதிலிருந்து வந்த உபுண்டுவும் உண்டாக்கிய திறப்புகளில், ஒரு வகைக்கு, ஒரு நீளத்துக்கு, 32,768 மட்டும்தான் இருந்தது. எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து ஒரு பென்ரைவில் போட்டுக்கொண்டு திரியலாம். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொல்லும்வரை, கிட்டத்தட்ட இரண்டு வருடம், எல்லாமே வழமைபோல ஓடிக்கொண்டிருந்தது. திறப்புகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன.

நான் கோபத்தில் மேசையைத் தட்டிக்கொண்டிருந்த நேரம் குருநகர் அண்ணை ஒருவர் ஜிபிஎஸ் எடுக்க வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, “பிள்ளை, திரும்பத் திரும்ப ஒண்டையே சொல்லுறது பிழையெண்டால் உந்த ஜிபிஎஸ் என்னெண்டு வேலை செய்யுது?” என்றார். முன்னொருக்கால் நான்தான் அவருக்கு விளங்கப்படுத்தினேன், மறக்காமல் வைத்திருந்து எனக்கே திருப்பித் தந்தார்.

அவர் சொன்னதில் பிழையே இல்லை. ஒவ்வொரு ஜிபிஎஸ் செய்மதியும் 1,023 இலக்கம் கொண்ட ஒரு போலி எழுமாற்றுத் தொடரை ஒவ்வொரு மில்லிசெக்கனும் திரும்பத் திரும்பப் பாடுகிறது. பத்துப் படி கொண்ட இரண்டு ஷிஃப்ட் ரெஜிஸ்ரரை (இலக்கங்களைப் படிபடியாக நகர்த்தும் சுற்று) கூட்டி அந்தத் தொடரை உண்டாக்குகிறார்கள். செய்மதிக்குச் செய்மதி தொடர் வேறு, எல்லாம் பகிரங்கமாக அச்சிட்டு வெளியிட்டது. கடலில் படகுக்கு வந்து சேரும்போது அந்தச் சைகை சுற்றியுள்ள இரைச்சலை விடவும் மெல்லியது. ஆனால் பெட்டிக்குப் பாட்டு மனப்பாடம். தன்னிடமுள்ள தொடரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒட்டிப் பார்க்கிறது, சரியாகப் பொருந்துகிற இடத்தில் மட்டும் எழும்பித் தெரியும். தேர்த் திருவிழாச் சனத்துக்குள் தாய்க்குத் தன் பிள்ளையின் குரல் கேட்பதுபோல. தொலைத்தொடர்பில் எழுமாற்று எண்ணுக்குப் பெரும்பாலும் இந்த வேலைதான். பார்க்க இரைச்சல் மாதிரி இருக்க வேண்டும், ஆனால் இரண்டு முனைக்கும் முதலே தெரிந்திருக்க வேண்டும். அங்கே திரும்ப வருவதுதான் குணம்.

திறப்புக்கு வந்தால் நேர் எதிர். பத்துப் படி ரெஜிஸ்ரர் ஒன்றிலிருந்து வரும் இலக்கங்களில் 20 கையில் கிடைத்தால் போதும், மிச்சம் முழுவதையும் எழுதிவிடலாம். பெர்லகாம்ப், மாசி என்ற இருவரின் பெயரில் அதற்கு 1960களில் இருந்தே வழி உண்டு. ஆக நான் வாங்கிய சாமான் கெட்ட சாமான் என்பதை விட, பெயர்ப்பலகை மாறிப்போன சாமான் என்பதுதான் சரி.

சரி, வாங்க வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலாவது, பெரும்பாலானோர் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. உங்கட லப்டொப்பும் ஃபோனும் இதை இலவசமாகச் செய்கின்றன. லினக்ஸ் 1994 முதல், விசை அழுத்துகிற, டிஸ்க் சுழல்கிற, பொதிகள் வந்து விழுகிற நேரங்களின் நுணுக்க வித்தியாசங்களையெல்லாம் ஒரு தொட்டியில் கலக்கி வைத்திருக்கிறது. 2012 முதல் வந்த இன்டெல் சிப்களுக்குள் எழுமாற்றுக்கென்றே ஒரு மூலை உண்டு, ராஸ்பெரி பையிலும் உண்டு, அதுவும் தொட்டிக்குள் போகும். பிள்ளைகள் பழைய புத்தகம் பார்த்து ‘தொட்டி வற்றிப்போகும், காத்திருக்க வேண்டும்’ என்று எழுதுகிறார்கள். 2020 இல் வந்த 5.6 பதிப்புக்குப் பிறகு அந்தக் கதை இல்லை. ஒருக்கால் ஒழுங்காக விதை விழுந்தால் போதும், பிறகு நிற்காமல் தரும். கவனிக்க வேண்டியது அந்த முதல் விதை மட்டும். மெமரி கார்டைப் பிரதி எடுக்கிறீர்களா, பிரதி எடுத்ததில் விதைக் கோப்பையும் எஸ்எஸ்எச் திறப்பையும் அழித்துவிட்டுப் பெட்டியை எழுப்புங்கள். என் 14 கிளைக்கும் வேண்டியிருந்தது அவ்வளவுதான். 7,450 ரூபா தேவைப்படவில்லை.

சின்ன போர்டுகளில் வேலை செய்கிற பெடியளுக்கு இரண்டு விடயம் சொல்ல வேண்டும். ஆர்டுயீனோவில் எல்லாரும் போர்டில் எதுவும் இணைக்காத ஒரு காலில் வோல்ட்டை வாசித்து அதை விதையாகப் போடுகிறார்கள். அந்த வாசிப்பு 0 முதல் 1,023 வரை. ஆக உங்கட கதவுப் பூட்டுக்கு ஆகக்கூடியது 1,024 விதமான எதிர்காலம், அதிலும் பல வராது. மற்றது ஈஎஸ்பி32 என்ற வைஃபைச் சிப். அதற்குள் உண்மையான எழுமாற்றுப் பகுதி இருக்கிறது, ஆனால் வைஃபையோ புளூடூத்தோ ஓடும்போதுதான் அதற்கு இரைச்சல் சாப்பாடு கிடைக்கும். ரேடியோவை நிறுத்தி வைத்து, இரைச்சலுக்கு வேறு வழியும் திறந்துவிடாமல் கேட்டால் போலி எண்தான் வரும். செய்தவர்களே ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள். பற்றரி மிச்சம் பிடிக்க ரேடியோவை நிறுத்திவிட்டுத் திறப்பு செய்கிற நிரல்களை நான் இரண்டு தரம் கண்டுவிட்டேன்.

எனக்கு மட்டும் விசர் அடங்கவில்லை. கஸ்தூரியார் வீதியில் பிசி547 திரான்சிஸ்டர் ஒரு பிடி வாங்கினேன், இருபது ரூபா மேனி. ஒன்றின் எமிற்றரையும் பேஸையும் தலைகீழாக இணைத்து 12 வோல்ட் கொடுத்து, வந்ததைப் பெருக்கிப் பழைய ஸ்பீக்கரில் விட்டேன். தகரக் கூரையில் அடைமழை பெய்கிற சத்தம். கண்ணை மூடினால் மழை என்றே நினைப்பீர்கள். ஆனால் கூர்ந்து கேட்டால் அடியில் ஒரு மெல்லிய ‘ங்ங்’ இருந்தது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ், அடப்டர் வழியாக ஏறியது. அந்த முனகல் செக்கனுக்கு 50 தரம் ஒரே மாதிரி வரும், அதாவது எழுமாற்றுக்குள் ஒரு தாளம். அடப்டரைக் கழற்றி மோட்டார்சைக்கிள் பற்றரியில் போட்டேன். பலகையை விசுக்கோத்து ரின்னுக்குள் வைத்து, ரின்னை நிலக்கம்பியோடு இணைத்தேன். முனகல் போனது, மழை மட்டும் மிஞ்சியது.

பிட்டுகளாக எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 53 ஒன்று. சரிவு. இதைத் திருத்த 1951 இல் ஜோன் வொன் நியூமன் சொன்ன வழியை அம்மாவுக்குச் சோகி (சோழி) வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். அம்மம்மாவின் தாயக்கட்டத்துச் சோகி இன்னும் எங்களிடம் இருக்கிறது. ஒன்றை எடுத்து 200 தரம் எறிந்தோம். வாய் மேலே பார்த்தது 118 தரம். “சோகிக்கும் ஒரு குணம் இருக்குப் பிள்ளை, அது விழுறபடிதான் விழும்” என்றா அம்மா. வொன் நியூமன் அந்தக் குணத்தோடு சண்டை பிடிக்கவில்லை. இரண்டு இரண்டாக எடு. இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் எறிந்துவிடு. முதலில் மேல் பிறகு கீழ் என்றால் 1, முதலில் கீழ் பிறகு மேல் என்றால் 0. சோகி எந்தப் பக்கம் சரிந்தாலும் இந்த இரண்டு சோடிக்கும் வாய்ப்பு ஒன்றுதான். 100 சோடியில் எங்களுக்கு மிஞ்சியது 47 பிட். ஒரு கண்டிப்பு உண்டு: ஒரே சோகியை எறிய வேண்டும், இரண்டு சோகியைச் சோடி சேர்க்கக்கூடாது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் சரிவு வேறு. எறிதலுக்கு எறிதல் தொடர்பும் இருக்கக்கூடாது, அந்த ‘ங்ங்’ இருந்திருந்தால் இந்த வித்தையும் பலிக்காது. 128 பிட் திறப்பு ஒன்றுக்கு ஐந்நூறு தரத்துக்கு மேல் எறிய வேண்டும். அம்மா இரண்டாம் நாள் வரமாட்டேன் என்றுவிட்டா. கடையில் விற்கிற ஆறு முகமுள்ள சாதாரணத் தாயக்கட்டை ஐந்து வாங்கினால் ஒரு எறிவில் 7,776 விதம், கிட்டத்தட்ட 13 பிட். அவசரத்துக்கு அதுவே திறம்.

ரின் பெட்டி இப்போது மேசைக்குக் கீழே இருக்கிறது. அதிலிருந்து வருவதை நேராகத் திறப்பாக்குவதில்லை, லினக்ஸ் தொட்டிக்குள் ஊற்றுகிறேன். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி நஞ்சு போதும் என்பார்கள். இங்கே மறுவளம். தொட்டியில் ஒரு நல்ல மூலம் இருந்தால், மேலே எத்தனை குப்பையை ஊற்றினாலும் தொட்டி கெடாது, ஊற்றுகிறவனுக்கு உள்ளே இருப்பது தெரியாத வரைக்கும். அந்த யுஎஸ்பியைக்கூட அப்படி ஊற்றியிருந்தால் ஒரு பாதகமும் இல்லை. அதோடு தந்த நிரல் தொட்டியைத் தொடாமல் நேராக அதன் எண்ணையே திறப்பாக எழுதிக் கொடுக்கிறது, அதுதான் அநியாயம். அந்த நிரலால் யாராவது திறப்பு செய்திருந்தால் உடனே மாற்றுங்கள். கழற்றிச் செருகி முதல் வரியைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

யுஎஸ்பியை எறியவில்லை. சொலோரேப் ஒட்டி மூடியைச் சேர்த்து வேலைப் பையில் வைத்திருக்கிறேன். போன கிழமை ஒரு ஐஸ் தொழிற்சாலையில் நீளமான சீரியல் கேபிள் ஒன்று இடைக்கிடை மக்கர் பண்ணுகிறது என்று கூப்பிட்டார்கள். ஒரு முனையில் இதைச் செருகி ஓடவிட்டேன், மறுமுனையில் லப்டொப்பில் என்னிடமிருந்த 100 மெகாபைட்டோடு ஒப்பிட்டேன். பிட் எங்கே புரள்கிறது என்று துல்லியமாகத் தெரிய, இரு முனைக்கும் தெரிந்த, இரைச்சல் மாதிரியான ஒரு தொடர்தானே வேண்டும். குளிர் அறைக்கு மேலால் கேபிள் போகிற இடத்தில் உறை வெடித்து ஈரம் இறங்கியிருந்தது. அந்தத் துண்டை வெட்டிப் புதிது மாற்றிவிட்டுத் திரும்பச் செருகினேன். 41 07 93 58. கடைசிவரை ஒரு பிட் பிசகவில்லை.